அறைந்தவனைக் கதாநாயகன் ஆக்கியவள்

இப்போது போனில் தொடராக வரும் காதல் நாவல்களைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் நிறைய உண்டு, நல்ல அபிப்பிராயம் குறைவு. கதாநாயகன் ஆறடி, சொந்தக் கம்பெனி. மூன்றாம் அத்தியாயத்தில் அவளை அறைவான். கடைசி அத்தியாயத்தில் அவள்தான் மன்னிப்புக் கேட்பாள். பேய்க்காதல் கதைகள் எவ்வளவோ தேவலை. செத்துப்போன காதலன்கூட உள்ளே வரட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறான். தவிர, பேய் ஓர் எலுமிச்சம்பழத்துக்காவது பயப்படும். கம்பெனி முதலாளி எதற்குப் பயப்படுகிறான்?

இந்த வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. ஆவடியில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில், எங்களுக்குக் கீழ் வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். புனைபெயரில் தொடர்கதை எழுதுவாள். காலனிப் பெண்கள் பாதிப் பேர் அவளுடைய வாசகிகள், நானும்தான். கரையான்சாவடியில் என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து சித்திரையில் பெட்டியோடு திரும்பி வந்தேன். அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு, ஏதோ மனஸ்தாபம் என்று மட்டும் சொல்லி வைத்தேன். உண்மையை அக்காவிடம் சொன்னேன். சாம்பாரில் உப்பு இல்லை என்று என் புருஷன் தன் தங்கைகள் எதிரில் என்னை அறைந்தான். நான் கரண்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாவி, அழுதுகொண்டே மனசுக்குள் குறிப்பெடுத்திருக்கிறாள்.

வைகாசியில் அவளுடைய புது நாவல் ஆரம்பித்தது. அதே உப்பு, அதே கரண்டி. முடிவில் மட்டும் கதாநாயகி தானாகத் திரும்பிப் போய் அவன் மார்பில் சாய்ந்துகொள்கிறாள். கீழே வரிசையாக இதயப் படங்கள். அம்மா படித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். கையோடு கரையான்சாவடிக்குப் போன் போட்டாள். ஆடி முடியட்டும், ஆவணியில் வந்து கூட்டிப் போகிறோம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

"கதையில அந்தப் பொண்ணு அடி வாங்கியும் திரும்பிப் போனா. உனக்கு என்னடி குறை?" என்றாள் அம்மா.

அந்தப் பொண்ணு நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேரே கீழே போய் அக்காவைக் கேட்டேன்.

"இன்னா இப்போ? கதைதானே. நீ ஒருத்திதான் அடி வாங்கிகினு கீறியா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அடுத்தது பேய்க்காதல், தினம் ஓர் அத்தியாயம் போடப் போகிறேன், விஷயம் ஏதாவது இருந்தால் சொல் என்று வெட்கமில்லாமல் அவளே கேட்டாள். இருக்கிறது என்றேன். திருநின்றவூரில் என் சித்திக்கு நடந்தது என்று ஆரம்பித்து, பள்ளி நாளில் கொரட்டூர் வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்த ஒரு பழைய மாத நாவலை முழுசாகச் சொன்னேன். கிணற்றில் விழுந்த மாப்பிள்ளை ஈரச் சட்டையோடு வந்து நிற்பது, அவன் தொட்டதும் மல்லிகைப்பூ கருகுவது, ஒன்றையும் விடவில்லை. மறுபடியும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் கொஞ்சம் அழுது வைத்தேன்.

நம் வாசகிகள் கதாநாயகன் கை நீட்டினால் மன்னிப்பார்கள், எழுதுகிறவள் காப்பியடித்தால் மன்னிக்க மாட்டார்கள். மாத நாவல்களை பைண்டு செய்து பீரோவில் பூட்டி வைத்திருப்பவர்கள் அவர்கள். ஆடி பாதியில் ஒருத்தி அந்தப் பழைய நாவலின் பக்கங்களைப் படமெடுத்துத் தொடருக்குக் கீழே போட்டாள். சாயங்காலத்துக்குள் அக்காவைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு வசவையும் இரண்டு தடவை படித்தேன். பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை மாடியேறி வந்தாள். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"உங்க சித்தி ஊட்டுல நடந்துச்சுன்னு சொன்னியே, பொய்யா?"

"ஆமாக்கா, அது வெறும் கதை. முன்னாடி நீங்க கதைன்னு எழுதுனீங்களே, அதுதான் நிஜமா நடந்தது. அடி வாங்குனது நான். திரும்பிப் போனது மட்டும் நீங்க சேர்த்தது."

அரிசி களைகிற சத்தம் நின்றது. "அந்த உப்பு... நீயாடி?" என்றாள் அம்மா. நான் தலையாட்டினேன். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். எப்போதும் மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று குழைகிறவள், அன்று அந்த வார்த்தையையே எடுக்கவில்லை. "ஆவணியில இங்க யாரும் வர வேணாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"முடிவை இப்பவாச்சும் சரியா எழுதுங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.