கிணற்றடிப் பூ சிட்டுக்கு

கனகண்ணை போய்ச் சேர்ந்துவிட்டார்.

இன்று விடியக் காலமை, யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில். முந்தாநாள் மூச்சு வாங்குகிறது என்று போட்டில் ஏற்றி அனுப்பினோம்... நாளைக்கு முதல் போட்டில் பெட்டியில் வருகிறார்.

நயினாதீவுக்கு வந்து போன ஆட்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். ரோட்டோரத்தில் சின்னக் கடை. சோடா, பிஸ்கட், கற்பூரம். பைக்கை நிப்பாட்டினால், சோடா தர முதல் காலுக்குப் போடுகிற பழைய மேஸ் ஒன்றை எடுத்து வந்து பைக் கண்ணாடியில் மாட்டிவிடுவாரே... அவர்தான்.

எல்லாம் தேன்சிட்டுக்காக. அது கண்ணாடியில் தன்னையே பார்த்து, வேறு ஒரு சிட்டு வந்துவிட்டது என்று கொத்திச் சண்டை பிடிக்கும்.

"அது சொண்டை உடைக்கப்போகுது. உமக்குச் சோடாதான் அவசரமோ?" என்று பேச்சும் விழும். சனம் கழற்ற மறந்து மேஸோடேயே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடும். தீவில் பாதி வீட்டில் அவருடைய மேஸ் கிடக்கிறது. பக்கத்து வளவு எங்களுடையது, எங்களிடமும் கிடக்கிறது.

உண்மையைச் சொன்னால், அவர் பூமரம் வளர்க்கிற ஆளே இல்லை. மாத்தறையில் கடை வைத்திருந்த மனிசன். திருவிழாவுக்கு ஊருக்கு வருவார், போவார். வளவில் பூ நிற்கிறதோ புல்லு நிற்கிறதோ தெரியாது.

தோட்டம் முழுக்க அவருடைய மனிசி பரமேசக்காவின் கைராசி. செவ்வரத்தை, நந்தியாவட்டை, எக்ஸோரா, வேலியோரம் பட்டிப்பூ...

பரமேசக்கா செத்ததும் இப்படித்தான், சோளகக் காற்று ஓய்கிற நேரம். ஆவணி வெயிலில் ஊரெல்லாம் காய்ந்து கிடந்தது. செத்த வீட்டுக்கு வந்த சனம் அவவின் தோட்டத்தில் ஒரு மொட்டும் மிச்சம் விடாமல் பிடுங்கி அவவுக்கே போட்டது. ஆசையாய் வளர்த்தவ... பிழை என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அடுத்த நாள் காலமை கனகண்ணை கிணற்றடியில் குந்திக்கொண்டிருந்தார். மொட்டையாய் நின்ற செவ்வரத்தைக்கு ஒரு தேன்சிட்டு வந்தது. கொப்புக் கொப்பாய்ப் பார்த்துவிட்டுப் போனது. பிறகும் வந்தது. பிறகும்...

"இவளவு நாளும் இதுக்கு இவள்தான் சாப்பாடு போட்டவள் போல கிடக்கு, பிள்ளை" என்றார். செத்த வீட்டில் அழாத மனிசன் அப்போதுதான் அழுதார்.

அதோடு மாத்தறைக்குத் திரும்பிப் போகவேயில்லை.

பிறகு அவர் போட்ட சட்டம்தான். வாசல் பக்கப் பூ சனத்துக்கு, கிணற்றடிப் பூ சிட்டுக்கு. காலமையில் சாமிப் பூவுக்கு நான் எட்டிப் பார்த்தால், "அம்மாளாச்சிக்கு வாசல் பக்கம் காணும் பிள்ளை. அவவுக்கு ஊரெல்லாம் பூ வைக்கினம். இதுக்கு இந்தக் கிணத்தடிதானே" என்பார்.

எங்கள் கிணறு வற்றிய நேரம் என் வீட்டுக்காரர் அங்கே குளிக்கப் போனார். "கல்லில நிண்டு குளிச்சுத் தண்ணியை வீணாக்காதையும். அந்த நந்தியாவட்டையடியில நில்லும். சவுக்காரம் போடாதையும்."

மரத்துக்கு மரம் மாறி நின்று குளித்துவிட்டு வந்து இவர் சொன்னது: "நான் குளிச்சனானோ, தண்ணி இறைச்சனானோ தெரியேல்லை."

பின்னேரத்தில் செவ்வரத்தை சுருண்டு விழும். அந்தப் பூவைப் பொறுக்கித்தான் பரமேசக்காவின் படத்துக்கு வைப்பார். விழுந்த பூவை வைக்கலாமோ என்று கேட்டேன்.

"சாமிக்குத்தான் ஏலாது. சிட்டு குடிச்சு முடிச்ச பூ... இவள் கோவிக்கமாட்டாள்."

இன்று மத்தியானம் மகன் ரூபன் பிரான்சிலிருந்து போன் எடுத்தார். விசா சிக்கல், வர முடியாது. தாய்க்கும் வர முடியாமல் போன பிள்ளை.

"அக்கா, வளவில நிக்கிற பூவெல்லாத்தையும் பிடுங்கி அப்பாவுக்குப் போடுங்கோ. ஒண்டும் விடாதேங்கோ. நான்தான் வர ஏலாமப் போச்சு... பூவெண்டாலும் அவரோட போகட்டும்."

இந்தப் பிள்ளைக்கு எப்படி இல்லை என்று சொல்வது?

ஆனால் கிணற்றடிச் செவ்வரத்தையில் இப்போது கூடு தொங்குகிறது. உள்ளே குஞ்சு. முந்தாநாள் போட்டில் ஏற்றுகிற நேரம் மூச்சு வாங்க வாங்க, "பிள்ளை... கிணத்தடி..." என்றுதான் என் கையைப் பிடித்தார்.

வட்ஸ்அப் வீடியோவைப் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். கூட்டைக் காட்டினேன். தாய்ச்சிட்டு வந்து ஊட்டிவிட்டு, அதே மரத்துப் பூவில் தேன் குடித்தது. அம்மாவின் செத்த வீட்டுக்குப் பிறகு நடந்ததையும் சொன்னேன். அவருக்கு அது தெரியாது.

ரூபன் கூட்டை இன்னொருக்கால் காட்டச் சொன்னார்.

"நிக்கட்டும் அக்கா... அந்தப் பூ அப்பிடியே நிக்கட்டும்."

பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப அம்மான்ர கிணத்தடிப் பூ ஒண்டும் அப்பாவுக்கு இல்லையோ?"

"இருக்கு தம்பி" என்றேன்.

நாளைக்கு வருகிற எல்லாருக்கும்... பூவை யாழ்ப்பாணத்தில் வாங்கிக்கொண்டு வாங்கோ. வாசல் பக்கம் பிடுங்கலாம். கிணற்றடிப் பக்கம் தயவுசெய்து போகவேண்டாம். பைக்கில் வருகிற ஆட்கள் கண்ணாடியை மூடிவிடுங்கோ. அவருடைய மேஸ் உங்களிடம் கிடந்தால், அதையே மாட்டிக்கொண்டு வாங்கோ.

இப்போது பின்னேரமாகிவிட்டது. செவ்வரத்தை ஒவ்வொன்றாய் விழத் தொடங்கிவிட்டது. சுளகை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகிறேன்.

போயிட்டு வாங்கோ கனகண்ணை. இண்டைக்குப் பொறுக்கிற பூ உங்கள் ரெண்டு பேருக்கும்.