இரண்டு சீட் வண்டியும் ஒரு ஸ்பானரும்

போன வாரம் ஆயுத பூஜையன்று, தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றேன். எதற்கு என்று கேட்கிறீர்களா? காற்றில் பறந்துவிடக் கூடாதே.

பக்கத்து வீட்டு வக்கீல் சாமிநாதனிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையிடமிருந்து வாங்கியது. நீளமான மூக்கு. இரண்டே சீட். மயிலாப்பூரில் மாடு கட்டும் கொட்டிலை அகலப்படுத்தி அதற்கு இடம் கொடுத்திருக்கிறார். கோர்ட்டிலிருந்து வந்ததும் கறுப்புக் கோட்டைக் கழற்றுவார், பானெட்டைத் திறப்பார். காபியும் டிபனும் அங்கேதான் போகும்.

வண்டி ஓடாதா? ஓடும். அதுதான் சங்கடமே. நன்றாக ஓட ஆரம்பித்தால் மனிதருக்குப் பொறுக்காது – இன்னும் வேகமாக ஓடாதா என்று பிரித்துப் போட்டுவிடுவார். சிலிண்டரில் படிந்த கரியைச் சுரண்டினோம். வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தோம். பாரம் குறையட்டும் என்று மட்கார்டுகளைக் கழற்றினோம். கடைசியாக, பழைய சாமான் கடையில் கிடைத்த இரண்டாவது கார்புரேட்டர் ஒன்றையும் அவர் கையாலேயே பொருத்தினார்.

'னோம்' 'னோம்' என்கிறேனே... நான் என்ன செய்தேன்? ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். அதற்கு அவர் கொடுத்த வாக்கு ஒன்று இருந்தது. "முடியட்டும் ஓய், முதல் சவாரி உமக்குத்தான்."

ஆபீசில் ஃபைலைப் புரட்டும்போதுகூட எனக்கு அந்த நினைப்புதான். கடற்கரை ரோடு, எதிர்க்காற்று, அந்த இன்னொரு சீட்டில் நான். தலை நரைக்கிற வயதில் இப்படியும் ஓர் ஏக்கமா? ஆமாம், ஏக்கம்தான். வேறு பெயர் வைத்து மறைப்பானேன்.

ஆயுத பூஜை வந்தது. அவர் வீட்டு ஸ்பானர், சுத்தியல் எல்லாம் சந்தனப் பொட்டோடு பூஜையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. மறுநாள் புனர்பூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. ஆனால் வண்டிக்கும் பூஜை உண்டு, அது எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கியாக வேண்டும். ஆகவே அன்று வேறு வழியில்லாமல் வண்டி முழுசாக நின்றது.

சக்கரங்கள் பழங்களை நசுக்கின. நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். அதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவி கோமதி வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. நேரே போய் அந்த இன்னொரு சீட்டில் உட்கார்ந்தாள்.

"ஏன்னா, அடையார் வரைக்கும் போய்ட்டு வரலாமே" என்றாள்.

சாமிநாதன் என்னைப் பார்த்தார். நான் வண்டிக்குப் போட்டிருந்த மாலையைப் பார்த்தேன். தெருவே அதிரும்படி சத்தம் போட்டுக்கொண்டு வண்டி போய்விட்டது.

சாயங்காலம் ஜட்காக்கார முனுசாமி வந்து சொன்னான். "சாமி, ஒங்க பக்கத்தூட்டு காரு அடையாத்துப் பாலத்தாண்ட நின்னுக்கினு கீது. கயிறு கட்டி இஸ்துக்கினு வரட்டான்னு கேட்டேன். ஐயரு சரின்னாரு. அந்தம்மாதான், கொஞ்ச நேரம் கழிச்சு வாப்பான்னுடுச்சு."

சைக்கிளை எடுத்துக்கொண்டு விரைந்தேன். அதன் சீட்டுக்குப் பின்னால் தொங்கும் தோல்பையில் ஒரு ஸ்பானர் இருந்தது. பூஜைக்கு எடுத்து வைக்க மறந்துபோனது.

பாலத்துக்கு இந்தப் பக்கம் இருவரும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். புது கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாயில் நட்டு லூசாகிவிட்டதாம். கையால் முடுக்கினால் ஒழுகல் நிற்கவில்லை. ஸ்பானரால் ஒரு முடுக்கு முடுக்கினால் தீர்ந்தது.

"சீட்டுக்கு அடியில எப்பவும் ஒரு செட் வெச்சிருப்பேன் ஓய். அதையும் காணோம்" என்றார் சாமிநாதன்.

"நான்தான் எடுத்துப் பூஜையில வெச்சேன்" என்றாள் கோமதி. "ஆயுதம்னா எல்லாந்தானே?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து இவர் இவ்வளவு நாழி என் பக்கத்துல உக்காந்துண்டு பேசினதே இல்லை அண்ணா."

சாமிநாதன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பழக்கம் விடுமா? உடனே என்னைக் கேட்டார். "உம்ம சைக்கிள் பையில ஒரு ஸ்பானர் இருக்குமே ஓய்?"

கோமதி ஆற்றைப் பார்த்தாள்.

முடுக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். 'ஏறும் ஓய், ஒரு ஓட்டம் விட்டுப் பார்க்கலாம்' என்பார். நான் ஏற வேண்டுமானால் கோமதி இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். இரண்டே சீட்தானே.

"இன்னிக்கு ஆயுத பூஜையாச்சே ஓய்" என்றேன். "எங்காத்துலயும் எல்லாம் பூஜையிலதான் இருக்கு."

சைக்கிளைத் திருப்பினேன். வழியில் எதிர்ப்பட்ட முனுசாமியிடம், இருட்டின பிறகு போய் இழுத்து வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். நேரே வீட்டுக்குப் போக மனசில்லை. சாந்தோம் தாண்டிக் கடற்கரை ரோட்டுக்குப் போனேன். எதிர்க்காற்று நான் நினைத்தது போலவே இருந்தது. தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, முடிந்த மட்டும் வேகமாக மிதித்தேன்.

என்ன செய்வது... என் வண்டிக்கு ஒரு கார்புரேட்டர்கூடக் கிடையாது.