புல் வெட்டாத துண்டு

குளுவாங் டவுனுக்கு வெளியே ஒரு சரிவில் இஞ்சி போட்டிருக்கிறேன். நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டம் விற்றுப் போன பிறகு கிடைத்த நிலம். நிலத்துக்கான பெர்மிட் என் கொழுந்தனார் பெயரில். வெட்டுவது, நடுவது, சுமப்பது எல்லாம் நான்.

போன மழைக்காலத்தில் சரிவின் மண் வழிந்து கீழே வாய்க்காலை அடைத்துக்கொண்டது. இஞ்சிக் கிழங்குகள் வெளியே பல்லைக் காட்டின. மாதக்கணக்கில் ஆட்டுப் புழுக்கை சுமந்து போட்ட மண் அது. இன்னொரு மழை இப்படி அடித்தால் மரவள்ளிகூட அங்கே வராது.

மண்ணைக் காக்க விவசாய ஆபீஸ்காரர்கள் டவுன் மண்டபத்தில் கோர்ஸ் நடத்தினார்கள். கடிதம் பெர்மிட்காரருக்குத்தானே வரும்? கொழுந்தனார் போனார். அங்கே கொடுத்த புதுத் தொப்பியோடு திரும்பினார்.

"என்னா சொல்லிக் குடுத்தாங்க?"

"ஏர்கோன் ரொம்பக் குளிரு அண்ணி. பிரியாணி நல்லா இருந்துச்சு."

"மண்ணப் பத்திக் கேக்குறேன்."

"படம் போட்டாங்க. லைட்ட அணைச்சுட்டாங்களா, அப்படியே கண்ணசந்துட்டேன் லா."

பிறகு அந்த ஆபீசிலிருந்து ஓர் ஆபீசர் பெண் வந்தாள். தமிழ்ப் பெண்தான். விவசாயிகளுக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று எழுதிப் போக அச்சடித்த பாரம் கொண்டு வந்திருந்தாள். கேட்டது கொழுந்தனாரை. அவர் தாடையைச் சொறிந்துகொண்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உரம் குடுத்தா போதும்" என்றார். அவளும் எழுதினாள்.

நான் காப்பித் தட்டை நங்கென்று வைத்தேன்.

"உரம் போட மண்ணு எங்க இருக்கு? வாய்க்கால்ல போயி போடுவீங்களா? எந்திரிம்மா. செருப்பக் கழட்டிட்டு வா."

சரிவைப் பார்த்தவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ரொம்பச் சுத்தமா வெட்டியிருக்கீங்கம்மா. கொஞ்சம் புல்ல விட்டிருந்தா மண்ணு நின்னிருக்கும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சிறு பிள்ளையிலேயே ரப்பர் மர நிரைக்குப் புல் வெட்டப் போனவள் நான். நிரையில் ஒரு புல் தெரிந்தாலும் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் அன்றைக்கு அரைப் பேர்தான் போடுவான், பாதிக் கூலி. வயசெல்லாம் அந்தப் பயிற்சிதான். என் நிலத்தைப் பார்த்து, துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது என்று ரோட்டில் போகிறவர்கள் சொல்வார்கள். எனக்கும் பெருமைதான். அந்தப் பெருமைதான் என் மண்ணை வாய்க்காலில் கொண்டுபோய்த் தள்ளியது.

"சுரண்டு சுரண்டுன்னு சொல்லிக் குடுத்தது யாரு? நாங்களாவா கத்துக்கிட்டோம்?" என்று கேட்டேன்.

மேல் மூலையில் ஒரு துண்டு. முழங்கால் வீங்கிக் கிடந்தபோது வெட்டாமல் விட்டது. மானம் போகிறதே என்று யாரையும் அந்தப் பக்கம் கூட்டிப்போகாமல் இருந்தேன். அன்றைக்கு அவளைக் கூட்டிப்போனேன். பக்கத்து நிலத்தைவிட அங்கே மண் ஒரு சாண் உயரமாக நின்றது. புல்லை விலக்கிக் கையை வைத்தால் கறுப்பு மண், ஈரம், மண்புழு. அவளும் பாவாடையில் சேறு ஒட்ட மண்டியிட்டுப் பார்த்தாள்.

"இதத்தான் அங்க படம் போட்டுக் காட்டுனாங்களா?"

"ஆமாம்மா."

"இங்க வந்து காட்டுனா என்னா கேடு?"

சரிவில் கோர்ஸ் வை, மழை நாளில் வை, மண்வெட்டி பிடிக்கிறவளைக் கூப்பிடு என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். பாரத்தில் அதற்கு இடம் இல்லையாம். பின்பக்கம் எழுதினாள்.

இப்போது சரிவுக்குக் குறுக்கே மூன்று வரிசை புல்லை வெட்டாமல் விட்டிருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் கை துறுதுறுக்கிறது.

"அண்ணி, காடாக்கிட்டீங்கன்னு கம்பத்து ஊர்சனமெல்லாம் சிரிக்கிறாங்க."

"சிரிக்கிறவன மழைக்கு வந்து பாக்கச் சொல்லு."

போன வாரம் மறுபடியும் கோர்ஸ் கடிதம் வந்தது. அதே மண்டபம், அதே ஏர்கோன், கொழுந்தனார் பெயர். பெயர் மட்டும் எனக்குப் படிக்கத் தெரியும்; மீதியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்துச் சொன்னது. அவருக்குக் காட்டாமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் தொப்பியும் என்னிடம்தான். வாய்க்காலில் அள்ளிய சேறு ஒரு பிஸ்கட் டின் நிறைய வைத்திருக்கிறேன். அவர்கள் விளக்கை அணைப்பதற்கு முன்னால் அதை மேசைமேல் கொட்டுவேன்.