பகலில் சேர்த்த குளிர்

பெட்டிக்குள் பிரிஜைப் பொருத்திப் பூட்டிய அன்று அங்கே நின்றவர்கள் நான்கு பேர். நான். என் மனைவி. எங்கள் மகளைக் கட்டிய மருமகன். ஓட்டமாவடித் தம்பி, அவர் கத்தாரில் பத்து வருஷம் குளிர் அறைகள் திருத்தும் வேலை செய்துவிட்டு வந்தவர். வேறு யாரும் இல்லை. பின்னால் நடந்ததற்கு வேறு யாரையும் நான் குறை சொல்ல முடியாது.

பெட்டி என்றால் உழவு மெசினில் கொழுவி இழுக்கிற பெட்டி. நெல் மூட்டை ஏற்றுகிற பெட்டிதான். அதற்குத் தகரத்தில் சுவரும் கூரையும் அடித்தோம். உள்ளே இரண்டு பலகைக் கட்டில், ஒரு காஸ் அடுப்பு, ஒரு தண்ணீர் பரல். பின்பக்கம் ஏணி. மருமகன் நெல் வெட்டுகிற மெசின் ஓட்டுகிறார். அறுவடைக் காலத்தில் வயல்வெளி வயல்வெளியாக, வட்டை வட்டையாகப் போவார். ஒரு வட்டையில் ஐந்து நாள், மற்றதில் பத்து நாள். முன்பு கூடாரமாகப் படங்கு கட்டித் தரையில் படுத்தார்கள். யானை வந்து படங்கை இழுத்த பிறகு, உருளச் சில்லுள்ள வீடு வேண்டும் என்று மருமகன் சொன்னார்.

அவருக்கு டீசல் பார்க்க, கிறீஸ் அடிக்க நான் போகிறேன். சமைக்க என் மனைவி. அவளை வீட்டில் விட்டுவிட்டும் போக முடியாது. அவளுக்குச் சீனி வருத்தம். காலையில் இருபது, பின்னேரம் பன்னிரண்டு என்று ஊசி. கண் மங்கல், ஊசியில் உள்ள கோடு தெரியாது. அளவு பார்த்து எடுத்துக் கொடுப்பது நான். குத்துவது அவள்.

அந்த மருந்து வெயிலில் இருந்தால் கெட்டுவிடும். பகலில் தகரப் பெட்டிக்குள் கை வைக்க முடியாது, அவ்வளவு சூடு. அதற்குத்தான் பிரிஜ். காரில் வைக்கிற சின்னது. கூரையில் இரண்டு சோலார் தகடு. கட்டிலுக்குக் கீழே ஒரு லொறிப் பற்றரி. எல்லாவற்றையும் ஓட்டமாவடித் தம்பிதான் பூட்டினார். பூட்டி முடித்துவிட்டு, பிரிஜின் பக்கத்தில் குளிரைக் கூட்டிக் குறைக்கிற திருகைக் காட்டினார்.

"அண்ணன், இது நடுவில நிக்கட்டும். கை வைக்காதீங்க."

"ஓம் தம்பி."

"ஓம் எண்டு சொல்றீங்க. உங்கட கை சும்மா இரிக்காதே."

"அவரிட கைய நான் பாத்துக்கொள்றன்," என்றாள் என் மனைவி. "கண் தெரியாட்டியும் அது தெரியும்."

மாசி மாதம் போனோம். புணானைக்கு அங்கால், காட்டோரம் ஒரு வட்டை.  முதல் இரண்டு நாளும் விடியப் பார்த்தால் பற்றரியில் சிவப்பு விளக்கு. பழைய பற்றரி. போன் இரண்டு, காற்றாடி ஒன்று, பல்ப் ஒன்று, பிரிஜ். இரவு தாங்காது என்று நினைத்தேன். காற்றாடியை நிற்பாட்டினேன். மருமகனின் போனை வயரில் இருந்து கழற்றினேன்.

"மாமா, மெசினுக்குச் சொந்தக்காரன் எடுத்தா நான் எப்பிடிக் கதைக்கிற?"

"மெசினிலயே சார்ஜ் பண்ணுங்க."

"மாமி, இஞ்ச பாருங்க. மாமா மின்சார சபையில வேலைக்குச் சேந்திட்டார். முதல் வேலையே பியூஸ் கட்டை புடுங்கிறது."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மருந்துப் போத்தில் இரண்டு. கிளினிக்கில் ஒரு மாதத்துக்குத் தந்தது. அது கெட்டால் அந்தக் காட்டோரத்தில் வேறு இல்லை.

நான் இருபத்திரண்டு வருஷம் மீன் விற்றவன். வாழைச்சேனையில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் ஐஸ் அடைக்கிற ரெஜிபோம் பெட்டி கட்டி, உள்ளூர்களுக்குக் கொண்டுபோவேன். முழங்கால் போனபிறகு விட்டேன். எனக்குத் தெரிந்தது ஐஸ் ஒன்றுதான். காலையில் எவ்வளவு ஐஸை அடைக்கிறோமோ அவ்வளவு நேரம் மீன் நிற்கும். ஐஸுக்குப் பஞ்சம் பார்த்தால் மூன்று மணிக்கு மீன் கண் சிவக்கும். மீனும் ஐஸும் முட்டிக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் காற்று இருக்கக் கூடாது.

மூன்றாம் நாள் பத்து மணிக்குப் பற்றரியில் பச்சை விளக்கு எரிந்தது. நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகு அடிக்கிற வெயில் எல்லாம் சும்மா போகிறது என்று எனக்குத் தோன்றியது. பகலில் குளிரைச் சேர்த்து வைத்தால் இரவுக்கு மிஞ்சும். பிரிஜ் இரவில் ஓடத் தேவையில்லை. பற்றரி தப்பும்.

திருகைக் கடைசி வரை திருப்பினேன். இரண்டு தண்ணீர்ப் போத்திலை உள்ளே வைத்தேன். மருந்துப் போத்தில்களை அவற்றுக்கு நடுவில் செருகினேன். முட்டிக்கொண்டிருக்கிற மாதிரி. மூன்று மணிக்குத் திருகைக் கீழே இறக்கினேன்.

அடுத்த நாள் விடியப் பச்சை விளக்கு. சந்தோஷமாக இருந்தது. மருமகனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கெட்டிக்காரன் மாமா," என்றார். "அப்ப என்ட போன்?"

"பூட்டுங்க."

நான்கு நாள் இப்படியே செய்தேன்.

அப்படிச் செய்த இரண்டாம் நாள் பின்னேரம் மருந்தை வெளியே எடுத்தபோது போத்திலுக்குள் மணல் மாதிரி ஏதோ இருந்தது. அந்த மருந்து எப்போதும் பால் மாதிரிக் கலங்கல்தான். உள்ளங்கையில் வைத்து உருட்டித்தான் எடுக்க வேண்டும், கிளினிக்கில் அப்படித்தான் காட்டித் தந்தார்கள். உருட்டினேன். மணல் குறைந்தது. இன்னும் கொஞ்ச நேரம் உருட்டினேன்.

"என்ன இவ்வளவு நேரம்?" என்றாள்.

"குளிர். அதுதான்."

பன்னிரண்டு எடுத்துக் கொடுத்தேன். குத்தினாள். மணலைப் பற்றி நான் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாள் என்று நினைத்தேன். உண்மையில் பயந்தது நான்.

அதற்குப் பிறகு அவள் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். செம்பைக் கீழே வைக்கவில்லை. ஏணியில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தாள். வெயில் என்றாள். நானும் வெயில் என்றேன். மருமகன், மாமி வைக்கிற கறியில் உப்புக் கூட என்றார். நான்காம் நாள் மத்தியானம் சோறு வடித்துவிட்டுக் கட்டிலில் படுத்துவிட்டாள். அவள் பகலில் படுக்கிற ஆள் இல்லை. கால் விறைக்கிறது என்றாள். நான் காலைப் பிடித்துவிட்டேன். பிரிஜைப் பார்த்தேன். அது ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்கக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

சீனி பார்க்கிற சின்ன மெசின் எங்களிடம் இருந்தது. அதில் வைக்கிற பட்டி பன்னிரண்டுதான் மிச்சம். கிழமைக்கு ஒன்று என்று கணக்கு வைத்திருந்தோம். அந்தக் கிழமைக்குரியதைப் போன அன்றே பார்த்துவிட்டோம்.

ஐந்தாம் நாள் காலையும் திருகைத் திருப்பிவிட்டிருந்தேன். பன்னிரண்டு மணி போல் ஓட்டமாவடித் தம்பி ஓட்டோவில் வந்தார். மருமகன் வரச் சொல்லியிருந்தார். பிரிஜ் பகல் முழுக்க நிற்காமல் ஓடுகிறது, பழுதோ தெரியாது என்று. எனக்குச் சொல்லாமல் போன் எடுத்திருக்கிறார்.

தம்பி ஏணியில் ஏறி வந்து பிரிஜைத் திறந்தார். தண்ணீர்ப் போத்திலை வெளியே எடுத்தார். கட்டிலில் தட்டினார். கல் மாதிரிச் சத்தம். பிறகு மருந்துப் போத்திலை எடுத்துச் சாய்த்தார். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

"இத ஆர் திருப்பின?"

"நான்."

"எவ்வளவு நாளா?"

"மூண்டாம் நாளில இருந்து."

அவர் திருகை நடுவுக்குக் கொண்டுவந்தார். "அண்ணன், நான் அங்க மருந்து வைக்கிற குளிர் அறையில வேல செஞ்சன். உறைஞ்சா இது செத்த மருந்து. மறுகா உருகினாலும் சரிவராது. பாத்தாத் தெரியாது, அவ்வளவுதான். இதையா அக்கா குத்தினது?"

"ஓம்."

"கட்டி கட்டியா ஒண்டும் தெரியல்லயா?"

 அவள் கட்டிலில் எழும்பி உட்கார்ந்திருந்தாள்.

"தெரிஞ்சது," என்றேன். "மணல் மாதிரி. உருட்டினன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். என் முகம் அவளுக்குச் சரியாகத் தெரிந்திராது. நான் இருக்கிற இடம் தெரியும்.

"மீனுக்கு வைக்கிற மாதிரி வச்சிருக்கிறீங்க," என்றாள்.

"ஓம்."

"நான் என்ன, உங்கட பாரை மீனா?"

மருமகன் வாசலில் நின்றார். அவர் அன்று பகிடி ஒன்றும் விடவில்லை. பட்டியை எடுத்து, அவள் விரலில் குத்திப் பார்த்தோம். நானூற்றுப் பதினெட்டு. இருநூறைத் தாண்டக் கூடாது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள்.

தம்பி ஓட்டோவைத் திருப்பினார். நான் அவளைத் தூக்கப் போனேன். "விடுங்க, நடப்பன்," என்றாள். ஏணியில் மூன்று படி. இரண்டாவது படியில் என் தோளைப் பிடித்தாள். வழி முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் தம்பி "மன்னிக்கணும் அக்கா" என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் அவள் மூச்சை எண்ணிக்கொண்டு போனேன். எண்ணுவதை விட்டால் நின்றுவிடும் போல் இருந்தது.

ஆசுபத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். சேலைன் ஏற்றினார்கள். ஊசி போட்ட தாதி மிஸ் என்னிடம் கேட்டார், மருந்தை எப்படி வைத்தீர்கள் என்று. சொன்னேன்.

"தண்ணி ஊத்தின மண்பானைக்குள்ள வச்சிருந்தாலே காணும் ஐயா," என்றார். "ஐஸ் மட்டும் முட்டவேணாம்."

ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

அவளைத் தன்னாமுனைக்கு, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மருமகன் அந்தப் போக வெட்டைத் தனியாக முடித்தார். பங்குனிக் கடைசியில் பெட்டி திரும்பி வந்தது. வாவிக் காற்று உப்பு, தகரத்தைத் தின்னும். அதனால் வீட்டுக்குப் பின்னால், கொட்டிலுக்குக் கீழே விட்டோம். தென்னங்குற்றி வைத்து உயர்த்தினோம், டயர் தரையில் படாமல். எலி வெட்டும் என்று வயரைச் சுருட்டிக் கூரையில் கட்டினேன். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தேன். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஒரு தகட்டை முற்றத்தில் வைத்து அதற்கு வெயில் காட்டினேன். பிரிஜைத் துடைத்து, கதவு மூடாமல் ஒரு குச்சி வைத்தேன். தம்பி சொன்னபடி எல்லாம் செய்தேன். கூட ஒன்றும் செய்யவில்லை.

கொட்டிலுக்குப் போகும்போதெல்லாம் அந்தத் திருகைப் பார்ப்பேன். தொடமாட்டேன்.

ஆவணியில் மறு போகத்து அறுவடை. இந்த முறை நீ வரவேண்டாம், மகள் வீட்டில் இரு என்றேன்.

"அங்க ஆர் ஊசிக்கு அளவு பாக்கிற? மகள் ரெத்தத்தக் கண்டா விழுந்திருவாள்."

"நான் போகல்ல அப்ப."

"மருமகனுக்கு ஆர் சமைக்கிற? பேசாம பெட்டியக் கழுவுங்க."

கழுவினேன். தம்பி வந்து புதுப் பற்றரி பூட்டினார். பிரிஜுக்குள் ஒரு சின்ன வெப்பமானி தொங்கவிட்டார். இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்றார். போத்திலை ஒரு துணியில் சுற்றி, நடுத் தட்டில், ஒன்றிலும் முட்டாமல் வைத்தார். என் மனைவி கையால் தடவித் திருகைத் தேடிப் பிடித்தாள். நடுவில் நிறுத்தச் சொல்லி, தன் நெற்றியில் இருந்த ஒட்டுப் பொட்டைக் கழற்றி, திருகிலும் பிரிஜிலும் சேர்த்து ஒட்டினாள்.

"இது கிழிஞ்சிருந்தா எனக்குத் தெரியும்," என்றாள். "தடவிப் பாப்பன்."

"சீல் வச்சாச்சு மாமா," என்றார் மருமகன். "இனி கிழிஞ்சா கோடு கச்சேரிதான்."

நேற்றுப் பெட்டியை இந்த வட்டைக்கு இழுத்து வந்தோம். வழி முழுக்க நான் பிரிஜைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குள் இருந்தேன்.

விடிய எழும்பி முதலில் வெப்பமானியைப் பார்த்தேன். ஐந்து. பற்றரியில் மஞ்சள் விளக்கு. சிவப்பு இல்லை. பொட்டு கிழியவில்லை. போத்திலை வெளிச்சத்துக்குப் பிடித்து, மணல் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்தேன். இன்னொரு தரம் பார்த்தேன். இப்போது பட்டி நிறைய வாங்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் பார்க்கிறோம்.

"மணல் இரிக்கா?" என்றாள்.

"இல்ல."

"இருந்தா சொல்லுவீங்களா?"

"சொல்லுவன்."

அவள் விரலை நீட்டினாள். குத்தினேன். இரத்தம் பட்டியில் ஏறியது. மெசின் ஐந்து நொடி யோசித்தது.

"எவ்வளவு?" என்றாள்.

"நூற்று அறுபத்திரண்டு," என்றேன்.