அடையாள அட்டைக்கு ஏற்ற உடம்பு

இரத்தினசிங்கம் இந்த உலகத்தில் நம்பியது ஒன்றே ஒன்றைத்தான்: தன் உடம்பை. மற்ற எல்லாவற்றிலும் அவருக்குச் சந்தேகம். பால் பக்கற்றை வெட்டியதும் மணந்து பார்ப்பார். மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டினால், சாயம் பூசியிருக்குமோ என்று விரலால் தேய்த்துப் பார்ப்பார். கோயிலில் ஐயர் கொடுக்கிற விபூதியையும் ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் நெற்றிக்குக் கொண்டுபோவார். "உங்களுக்குச் சந்தேகம் இல்லாத சாமான் ஒண்டு இந்த வீட்டிலை இருக்கோ?" என்று மனைவி சிவமணி கேட்டால், வயிற்றைத் தட்டிக் காட்டுவார்.

அது வெறும் பகிடி இல்லை. அந்த வயிறு அவரைக் காப்பாற்றி வந்தது.

உரும்பிராயில் பிறந்து, எழுபத்துநாலில் கொழும்புக்கு வந்து, புறக்கோட்டையில் ஒரு இரும்புக்கடையில் ஸ்டோர்கீப்பராக ஏறியவர். கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்த வீடு எண்பத்துமூன்று கலவரத்தில் எரிந்தது. அதோடு அடையாள அட்டையும் போயிற்று. அடுத்த வருஷம் எடுத்த புது அட்டையில் இருக்கிற இரத்தினசிங்கத்துக்குக் கழுத்து கிடையாது. தலை முடிகிற இடத்தில் தோள் தொடங்கும். அப்போது வயது முப்பத்திரண்டு. கல்யாணம் முடித்த புதிது, சிவமணியின் கைச்சமையல். அதற்குப் பிறகு இருபத்துமூன்று வருஷம் அவர் அந்தப் படத்துக்குத் துரோகம் செய்யவே இல்லை.

பிறகு குடிவந்த வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு ஒரு பஸ். வழியில் இரண்டு மூன்று காவலரண். பொலிஸ்காரர் ஏறினால் மெலிந்த பெடியன்களைத்தான் இறக்குவார்கள். இவரின் அட்டையைப் பார்ப்பார்கள், ஆளைப் பார்ப்பார்கள், "யன்ன மஹத்தயா", நீங்கள் போங்கள் ஐயா, என்று திருப்பிக் கொடுப்பார்கள். இந்த உடம்போடு எவன் இயக்கத்தில் சேர்ந்து காட்டுக்குள் ஓடப் போகிறான் என்று அவர்களுக்கும் தெரியும். இறக்கப்பட்ட பெடியன்கள் வெயிலில் வரிசையாக நிற்பதை ஜன்னலால் பார்க்கும்போது இரத்தினசிங்கத்துக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் பஸ் வெளிக்கிட்டதும் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வருமே, அதை அவரால் மறைக்க முடியாது. அந்த நிம்மதியை நினைத்தும் வெட்கப்படுவார்.

இரண்டாயிரத்து ஏழில் வலது காற்பெருவிரலில் ஒரு புண் வந்தது. சின்னப் புண்தான். இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. டொக்டர் இரத்தம் சோதித்து, சுகர் எல்லை கடந்துவிட்டது, உடம்பைக் குறைக்காவிட்டால் விரலோடு நிற்காது என்றார். இரத்தினசிங்கம் டொக்டரைச் சந்தேகித்தார், வேறொருவரிடம் போனார். அவரும் அதையே சொன்னார். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடமாக இருக்கலாம் என்று மூன்றாவது ஆளிடமும் போனார். அவர் புண்ணைப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கும் சுகர் இருந்ததோ?" என்று மட்டும் கேட்டார்.

அப்பாவுக்கு இருந்தது. முழங்காலுக்கு மேல் கால் எடுத்தார்கள். கால் போன மூன்றாம் மாதம் அப்பாவும் போனார். கட்டிலில் இல்லாத காலைச் சொறியச் சொல்லி அவர் கேட்ட குரல் இரத்தினசிங்கத்தின் காதில் இன்னும் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து இரண்டு காலையும் கழுவித் துடைத்து, விரல் விரலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவமணி பயந்துபோனாள்.

வழி காட்டியது கடையில் கூட வேலை செய்த தாஸிம். நோன்பு முடிந்து பெருநாளுக்கு அடுத்த நாள் வேலைக்கு வந்தவன் இடுப்பைக் காட்டினான். "பார்த்தீங்களா அண்ணன், நோம்பு ஒரு மாசம், பெல்ட் ரெண்டு ஓட்டை உள்ளுக்குப் போய் ஈக்கி." இரத்தினசிங்கம் பெல்ட்டைக் கையில் வாங்கி, ஓட்டை புதிதா பழையதா என்று பார்த்துத்தான் நம்பினார். அடுத்த மாதம் கந்தசஷ்டி வந்தது. சிவமணி ஆறு நாளும் ஒருநேரம் பாலும் பழமுமாகப் பிடித்தாள். வழக்கமாக அவள் விரதம் பிடிக்க இவர் பக்கத்தில் இருந்து வடை தின்பார். அந்த முறை தானும் பிடிக்கிறேன் என்றார்.

ஆறாம் நாள் சூரன்போர் முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக்கு இருக்க, இவர் மட்டும் விரதத்தை விடவில்லை. ஒரு சட்டம் போட்டார். காலை பத்து மணிக்கு முதல் சாப்பாடு, பின்னேரம் ஆறு மணிக்குக் கடைசிச் சாப்பாடு. அதிலிருந்து அடுத்த நாள் பத்து மணிவரை பதினாறு மணித்தியாலம் வெறும் தண்ணீர், சீனி போடாத தேத்தண்ணி.

"சஷ்டி முடிஞ்சுதப்பா. முருகனே போய்ச் சாப்பிட்டிருப்பார்," என்றாள் சிவமணி.

"முருகனுக்குச் சுகர் இல்லை, எனக்கு இருக்கு."

"லங்கணம் பரம ஔஷதம்", பட்டினிதான் பெரிய மருந்து, என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் அந்த மருந்து இறங்க இறங்க வீட்டில் சந்தேகம் ஏறியது. புட்டென்றால் மூன்று முறை போடச் சொல்கிற மனிதன் இரவில் பிளேட்டையே தொடாவிட்டால் எந்தப் பெண்சாதிக்குச் சும்மா இருக்க வரும்? வெளியில் எங்கேயோ சாப்பிடுகிறாரா என்று சட்டைப் பையை மணந்து பார்த்தாள். வருத்தத்தை மறைக்கிறாரா என்று டொக்டரின் துண்டுகளை அடுத்த வீட்டுக் கௌரியிடம் கொடுத்து வாசிப்பித்தாள். கௌரி வாசித்துவிட்டு, "இதிலை ஒண்டும் இல்லை அக்கா, ஆனா ஆம்பிளையள் மறைக்கிறதுக்கெண்டு வேறை கொப்பி வைச்சிருப்பினம்," என்று நெருப்பை மூட்டிவிட்டுப் போனாள்.

இரத்தினசிங்கமோ தராசைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார். காலி வீதியில் ஒரு பார்மசியில் நிறுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்துப் பார்மசியிலும் ஏறி நிற்பார். நூற்றுநாலு கிலோ தொண்ணூற்றாறாகி, எண்பத்தெட்டாகி, எட்டாம் மாதம் எழுபத்தொன்பதில் வந்து நின்றது. தராசு இரண்டும் பொய் சொன்னாலும் பெல்ட் பொய் சொல்லாது என்று, ஒவ்வொரு மாதமும் ஆணியைச் சுட்டு ஒரு ஓட்டை போட்டார். கடையில் வந்த ஐந்து ஓட்டை போக அவர் போட்டது ஏழு. விரல் புண் தழும்பும் தெரியாமல் ஆறிப்போயிற்று. டொக்டர் சுகர் குளிசையைப் பாதியாக்கினார். பார்மசி வாசலில் நின்று அவர் அழுதார், நான் ஏன் மறைக்க வேண்டும், சந்தோஷத்தில் அழுதார். இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்து அழுதார்.

பால் பக்கற்றை, மீனை, விபூதியைச் சந்தேகித்தவருக்குச் சட்டைப் பைக்குள் கிடந்த அட்டையைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

இரண்டாயிரத்து எட்டு ஜூலை. காலை ஒன்பதரைக்குக் காவலரணில் பஸ் நின்றது. புதிதாக வந்த ஒரு இளம் பொலிஸ்காரன் அட்டையைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான், திரும்ப அட்டையைப் பார்த்தான். படத்தில் விரலை வைத்து, "கோ மே மஹத்தயா?" என்றான். இந்த ஐயா எங்கே என்று கேட்கிறான்.

"மமய் சேர்," நான்தான், என்றார் இரத்தினசிங்கம்.

அவன் சிரிக்கவில்லை. "பஹின்ன," இறங்கு, என்றான். இருபத்துநாலு வருஷத்தில் முதல் தடவையாக அவர் அந்த வரிசையில் நின்றார். பக்கத்தில் நின்ற பெடியன் இவரைப் பார்த்துத் தலையை ஆட்டினான், தெரிந்தவருக்கு ஆட்டுகிற மாதிரி. பஸ் ஜன்னலில் ஒரு தடித்த மனிதர் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் என்ன ஓடுகிறது என்று இரத்தினசிங்கத்துக்குத் தெரியாதா?

பொலிஸுக்குக் கொண்டுபோய் ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். இறந்துபோன ஆளின் அட்டையோ, களவெடுத்த அட்டையோ என்று கேள்வி மேல் கேள்வி. அவர் சிங்களத்தில் விரதத்தை விளக்கினார். எட்டு மாதமாகச் சாப்பிடாமல் இருந்தேன் என்று ஒரு தமிழன் பொலிஸில் போய்ச் சொன்னால் அது எங்கே போய் முடியும்? "எதற்காக உண்ணாவிரதம்? யார் இருக்கச் சொன்னது?" என்று அதை வேறு எழுதிக்கொண்டார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

பிறகு கடைக்கு டெலிபோன் எடுத்தார்கள். தாஸிம்தான் எடுத்தான். இரத்தினசிங்கம் என்று ஒருவர் உங்களிடம் வேலை செய்கிறாரா, ஆள் எப்படி இருப்பார் என்று கேட்டார்கள். பொலிஸ் கேட்டால் உள்ளதைச் சொல்லக்கூடாது, கடதாசியில் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். கொழும்பில் அந்தக் காலத்தில் சிறுபான்மையாய் இருந்த எல்லாருக்கும் தெரிந்த பாடம் அது. தாஸிம் அட்டைப் படத்தை நினைத்துக்கொண்டான். நண்பனைக் காப்பாற்றுகிறேன் என்று, "பெரிய உடம்பு சேர், நல்ல மொத்தம்," என்று அடித்துச் சொன்னான்.

பொலிஸ்காரன் டெலிபோனை வைத்துவிட்டு வாங்கில் இருந்த மெலிந்த மனிதரைப் பார்த்தான்.

நேரம் பன்னிரண்டைத் தாண்டியது. காலையில் அரைக் குளிசை போட்டது. பத்து மணிச் சாப்பாடு பையிலேயே கிடந்தது, பையோ அவர்களிடம். சுகர் இறங்கி இரத்தினசிங்கத்துக்குக் கை நடுங்கியது, சட்டை வியர்வையில் ஒட்டியது. குற்றம் இல்லாதவன் ஏன் நடுங்குகிறான் என்று அதுவும் ஒரு சாட்சியானது. இனி வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அவர் நினைத்தார். அப்பாவின் காலை நினைத்தார். காலைக் காப்பாற்றப்போய் ஆளையே பறிகொடுத்தேனே என்று நினைத்தார்.

அந்நேரம் வந்த பெரிய இன்ஸ்பெக்டர் தொந்தி வைத்த மனிதர். உடுப்பைச் சோதிக்கச் சொன்னார். பெல்ட்டைக் கழற்றி மேசையில் போட்டதும் இன்ஸ்பெக்டரின் கண் அதில் நின்றது. எடுத்துப் பார்த்தார். முதலாவது ஓட்டையில் வருஷக்கணக்காகக் கொழுவி மடிந்த தழும்பு. அதற்குப் பிறகு ஒழுங்கான ஓட்டைகள், பிறகு ஆணியால் சுட்ட கோணல் ஓட்டைகள் ஏழு. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதத்து மடிப்பு. இன்ஸ்பெக்டர் எழுந்து அந்தப் பெல்ட்டைத் தன் வயிற்றைச் சுற்றிப் பிடித்தார். தழும்பு இருந்த முதல் ஓட்டை அளவாக வந்தது.

பிறகு அவர் அட்டையைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார், இரத்தினசிங்கத்தைப் பார்த்தார். சீனி போட்டுத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். அந்த நிலையிலும் இரத்தினசிங்கம் கோப்பையை மூக்கருகில் கொண்டுபோய் மணந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

விடும்போது இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "எனக்குப் பெல்ட் விளங்கும். அடுத்த காவலரணில் இருப்பவனுக்கு அட்டைதான் விளங்கும்."

புது அட்டை எடுக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வழியிலேயே அவரும் அதை யோசித்தார். கிராம சேவகரிடம் போக வேண்டும், கையெழுத்துகள் வேண்டும், பழைய அட்டையைக் கொடுத்தால் புதியது வரும்வரை ஒரு துண்டுக் கடதாசிதான் கையில் இருக்கும் என்று கேள்வி. அந்த வருஷத்தில் துண்டுக் கடதாசியோடு பஸ் ஏறுகிற தைரியம் எந்தத் தமிழனுக்கு இருந்தது? நேற்றுவரை இல்லாத இந்த மெலிந்த ஆள் யார், எங்கேயிருந்து வந்தான், ஏன் இப்போது படம் மாற்றுகிறான் என்று கேட்டால் அதற்கு என்ன பதில்?

ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தார். நடந்ததைச் சொன்னார். சிவமணி வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். வெளியில் சாப்பிடுகிறார் என்று தான் மணந்து பார்த்த சட்டையிலேயே கண்ணைத் துடைத்தாள். ஆறு மணிக்குச் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். அவர் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். பிறகு அட்டையை மேசையில் வைத்துவிட்டு அதைப் பார்த்தபடியே இருந்தார். காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி வலது காலையும் பார்த்தார்.

ஏழரை மணிக்குக் குசினிப் பக்கம் திரும்பி, "புட்டு இருக்கோ?" என்று கேட்டார்.

எட்டு மாதமாக அந்தக் கேள்விக்காகத்தான் சிவமணி காத்திருந்தாள். ஒரு வாய், ஒரே ஒரு வாய் சாப்பிடுங்கோ என்று கெஞ்சாத இரவு இல்லை. இப்போது புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டாமப்பா. உங்கடை கால்..."

"எனக்கு இல்லை," என்றார் இரத்தினசிங்கம். மேசையில் கிடந்த அட்டையை விரலால் அவள் பக்கம் தள்ளினார்.

"இவனுக்குப் பசிக்குது. போடும்."