உத்தமன் மெஷின் பார்க்கப் போனது

என் தங்கச்சி புருஷன் உத்தமனோடு கடைக்குப் போகிற தண்டனை என் எதிரிக்கும் வேண்டாம். நான் குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். வீடு மாற்றுகிறவர்களின் லோடு எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும். கோரமங்களாவில் பாதி ஜனம் அன்றைக்குத்தான் கட்டிலையும் ஃபிரிட்ஜையும் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போகும். அதையெல்லாம் விட்டுவிட்டு, இவன் டேபிள் சா வாங்கினால் ஏற்றிக்கொண்டு வரவேண்டுமே என்று வாராவாரம் கடை கடையாக வண்டியை ஓட்டினேன். காலியாகப் போய்க் காலியாகத் திரும்பினேன்.

டேபிள் சா ஒன்றும் பெரிய சங்கதி இல்லை. ஒரு இரும்பு மேஜை, நடுவில் ஒரு பிளவு, அதிலிருந்து வட்ட ரம்பம் பாதி தலையை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பலகையை மேலே வைத்துத் தள்ளினால் நேராக அறுத்துக் கொடுத்துவிடும். ரம்பத்துக்கு மேல் ஒரு மூடி உண்டு, பலகை எகிறாமல் இருக்கப் பின்னால் ஒரு தகடு உண்டு. எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் அதை வாங்குவதில்லை. கையில் பிடித்து அறுக்கிற கட்டரைத் தலைகீழாகத் திருப்பி, பிளைவுட் பலகைக்கு அடியில் போல்ட் போட்டு முடுக்கி, பிளேடு மட்டும் மேலே வருகிற மாதிரி செய்துகொள்வார்கள். மூடியும் கிடையாது, தகடும் கிடையாது. சுவிட்சைக் கயிறு போட்டு அழுத்திக் கட்டி வைத்திருப்பார்கள். நிறுத்தவேண்டும் என்றால் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கவேண்டும்.

உத்தமனும் அப்படித்தான் அறுத்துக்கொண்டிருந்தான். ஒரு அபார்ட்மெண்ட் வேலையில் மைக்கா ஒட்டின பலகை பிளேடில் சிக்கி எகிறியது. பலகை ஒரு பக்கம் போயிற்று, அதைப் பிடித்திருந்த இடது கை பிளேடுக்குப் போயிற்று. ஆள்காட்டி விரலும் நடு விரலும் போய்விட்டன. வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவன் நான்தான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அல்சூர்க்காரன், பிறந்து வளர்ந்தது எல்லாம் அங்கேதான். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பான், கோபம் வந்தால் உருதுவும் வரும். என் தங்கச்சி வீணாவைப் பெண் பார்க்க வந்தபோது கேசரியைத் தொடவில்லை. எங்கள் வீட்டுக் கதவு நிலையில் இடிக்கிறது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "பொண்ணு பாக்க வந்தீங்களா, கதவு பாக்க வந்தீங்களா?" என்று கேட்டேன். வெட்கப்பட்டுச் சிரித்தான். மறுநாள் இழைப்புளியோடு வந்து கதவைக் கழற்றிச் சீவி மாட்டிவிட்டுப் போனான். சம்பந்தம் முடிவதற்கு முன்னாலேயே கதவு சரியாகிவிட்டது என்று எங்கள் தெருவே சிரித்தது.

வேலையில் அவனுக்கு இருந்த திமிர் எனக்குப் பிடிக்கும். வெளியே சொன்னது கிடையாது. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான். அடுகோடியில் ஒரு ஷெட் வாடகைக்கு எடுத்திருந்தான். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் உட்காருவதற்கு முன்னால் அந்த வீட்டு அலமாரியைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "கீல் போட்டவன் கைய உடைக்கணும்" என்பான். அந்த வாய்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அடைத்துப்போய்விட்டது. புண் ஆறியது, டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றார், இவன் ஷெட்டுப் பக்கமே போகவில்லை.

வீணா கோரமங்களாவில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். ஒருநாள் தீர்மானமாகச் சொன்னாள். "அந்தக் கட்டர் இனிமே வேணாம். நல்ல மெஷினா வாங்கலாம். மூடி இருக்கறது, பாதுகாப்பா இருக்கறது." விரல் போனதற்கு சைட் ஓனர் நஷ்டஈடாகக் கொடுத்த தொகை பேங்கில் இருந்தது. அதைத் தொட்டால் மெஷினுக்குத்தான் தொடுவேன் என்றாள். எனக்கும் சரியாகப் பட்டது. மெஷின் வந்தால் அவன் ஷெட்டைத் திறப்பான், ஷெட்டைத் திறந்தால் பழைய உத்தமனாக ஆகிவிடுவான் என்று நான் முழுசாக நம்பினேன்.

முதல் கடையில் மேஜை சமமட்டமாக இல்லை என்றான். இரண்டாவது கடையில் பலகையை அண்டக்கொடுக்கிற சட்டம் ரம்பத்துக்கு இணையாக நிற்கவில்லை என்றான். மூன்றாவது கடையில் மோட்டாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது தாங்காது என்றான். எனக்கு ரத்தம் கொதித்தது. "மாப்ள, நீ மெஷின் வாங்குறியா, மெஷினுக்கு மாப்பிள்ளை பாக்குறியா?" என்று கடை வாசலிலேயே கத்தினேன். "நாள் பூரா நிக்கற எடம் மச்சான், அவசரப்பட்டா ஆவுமா?" என்றான் மெதுவாக. வீணா மட்டும், "சரி, அடுத்த வாரம் வேற கடை பாக்கலாம்" என்று வண்டியில் ஏறினாள். இவளுக்கு எங்கிருந்து இவ்வளவு பொறுமை வந்தது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான்காவது கடையை நானே கண்டுபிடித்தேன். ஓசூர் ரோட்டில் பெரிய ஷோரூம், லோடு இறக்கப் போனபோது பார்த்தது. வாசலில் காட்சிக்கு வைத்திருந்த ஒரு டேபிள் சாவில் டிஸ்ப்ளே பீஸ் என்று எழுதி, விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்திருந்தார்கள். விட்டால் போய்விடும் என்று அடுத்த ஞாயிறு காலையிலேயே இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டேன்.

உத்தமன் சவரம் செய்து, இஸ்திரிச் சட்டை போட்டு, காதில் பென்சில் சொருகி, கையில் கோணம் பார்க்கிற மூலமட்டத்தோடு வந்தான். கடைக்குப் போகிற நாளில் மட்டும் ஆள் இப்படித்தான் இருப்பான். ஷோரூமில் சோனியா என்று ஒரு பெண் எங்களைக் கவனித்தாள். "வாங்க மேஸ்திரி, நல்லா செக் பண்ணிப் பாருங்க. ஷோவுக்கு வெச்சது, அதான் டிஸ்கவுண்ட். ஒரு பலகைகூட அறுத்ததில்ல" என்றாள். மேஸ்திரி என்றதும் அவன் முதுகு நிமிர்ந்தது.

மூலமட்டத்தை ரம்பத்தோடு சேர்த்து வைத்தான். குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேஜையைப் பார்த்தான். சட்டத்தைத் தள்ளி, பூட்டி, டேப் போட்டு முன்னும் பின்னும் அளந்தான். மூடியைத் தூக்கி இறக்கினான். பிளக் போடாத மெஷின், அதனால் ரம்பத்தைக் கையாலேயே சுற்றிவிட்டு அது ஓடி நிற்கும்வரை பார்த்தான். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான். மேஜைக்கு ஓரத்தில் பெயிண்ட் லேசாகக் கீறியிருந்தது, அதைத் தவிர ஒன்றும் இல்லை. அவன் முகத்தில் என்னவோ மாறியது. குறை கிடைக்காததால் வந்த கடுப்பு என்றுதான் நினைத்தேன்.

"என்ன மாப்ள, மாட்டிக்கினியா? இதுல இன்னா சொல்லுவ?" என்றேன். வீணா பில் போடுகிற இடத்துக்குப் போனாள். சோனியா பிளக்கைச் சொருகி, ஒரு துண்டுப் பலகையை எடுத்து நீட்டினாள். "ஓட்டிப் பாருங்க மேஸ்திரி."

"வேணாம்மா. ஓட்டவேணாம்" என்றான்.

எனக்குத்தான் அவசரமாயிற்றே. கையை நீட்டிப் பச்சைப் பட்டனை அழுத்தினேன்.

ரம்பம் கத்தியது. பெரிய சத்தம்கூட இல்லை, அதைவிடப் பெரிய சத்தத்தில்தான் அவன் நாள் பூராவும் நின்றிருக்கிறான். பின்னால் அட்டைப்பெட்டிகள் சரிந்து விழுந்தன. திரும்பினேன். உத்தமன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றான். இடது கையை வலது அக்குளுக்குள் திணித்து, இன்னொரு கையால் அதைக் கட்டிப் பிடித்திருந்தான். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கில் இறங்கியது. நான் அணைத்தேன். அது உடனே நிற்கிற மெஷின் இல்லை, சுற்றிச் சுற்றித்தான் நின்றது. அதுவரை அவன் கண்ணைத் திறக்கவில்லை.

சோனியா நல்ல பெண். எதையும் பார்க்காத மாதிரி பெட்டிகளை அடுக்கிவிட்டு, "தண்ணி கொண்டாரேன் சார்" என்று போனாள். மேஸ்திரி என்று கூப்பிடவில்லை. மேஜை மட்டமில்லை, சட்டம் நேரில்லை, மோட்டார் தாங்காது என்று அவன் சொன்னதெல்லாம் என்னவென்று அப்போது விளங்கியது. இந்த மெஷினை வாங்கிப் போய் ஷெட்டில் வைத்தால், தினமும் இவனை இந்தச் சுவரில் ஒட்டவைத்த மாதிரி ஆகிவிடும்.

வீணாவைத் தடுக்க ஓடினேன். பில் இன்னும் போட்டிருக்கவில்லை. "வேணாம் வீணா. ஷாஃப்ட் ஆடுது, நானே பாத்தேன்" என்றேன். ஷாஃப்ட் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. எனக்கே சரியாகத் தெரியாது. ஆனால் அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "ஆமாண்ணா, நானும் அதான் நெனச்சேன்" என்றாள். கல்லாவில் இருந்தவர் என்னைப் பார்த்து, "அவங்க வாங்கவே வரலயே சார். வேற யாராச்சும் கேட்டா குடுத்துடுங்க, எங்களுக்காக எடுத்து வெக்காதீங்கன்னுதான் சொல்லிட்டிருந்தாங்க" என்றார்.

அவளை வெளியே வண்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தேன். "உனக்குத் தெரியுமா?"

"வீட்ல மிக்ஸி போட்டாலே மாடிக்கு ஓடிடறாருண்ணா. தெரியாம இருக்குமா? சட்னிகூட எதிர்வீட்ல அரைச்சுக்கினு வரேன்."

"அப்புறம் எதுக்குடி என்னை வாராவாரம் பேஜார் பண்ணி ஊர் சுத்த வெச்ச?"

"மத்த நாள்ல செவுத்தப் பாத்துப் படுத்துக்கினே இருக்காரு. கடைக்குப் போலாம்னாத்தான் எழுந்து குளிக்கறாரு, ஷேவ் பண்றாரு. கடைல போய் ரெண்டு குத்தம் சொல்லிட்டு வந்தா அன்னிக்கு நல்லா சாப்டறாரு. வேற இன்னா பண்ணச் சொல்ற?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இவ்வளவு மலிவாக, இவ்வளவு நல்ல மெஷினைத் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து நிறுத்தியவன் நான்தானே.

உத்தமன் வெளியே வந்தான். முகம் கழுவியிருந்தான், சட்டையெல்லாம் ஈரம். "பில் போடலயா?" என்றான்.

"ஷாஃப்ட் ஆடுது மாப்ள. தள்ளு, வேற பாக்கலாம்" என்றேன்.

"யாரு சொன்னது?"

"நான்தான் பாத்தேன்."

அவனுக்குக் கோபம் வந்தது. விரல் போனதிலிருந்து அவனிடம் நான் கோபத்தைப் பார்த்ததே இல்லை. "வண்டி ஓட்டற உனக்கு ஷாஃப்ட்டப் பத்தி இன்னா தெரியும்? முடி அளவு ஆடல. ரெண்டு தபா பாத்தேன். அந்த மெஷின்ல ஒரு குறையும் இல்ல மச்சான். நல்ல பொருளு மேல பழி போடாத." அப்புறம் குரல் இறங்கியது. "முன்னாடி பாத்த மூணும் நல்ல மெஷின்தான். நான்தான் பொய் சொன்னேன். எனக்கு பயமா இருக்குது வீணா. சத்தம் கேட்டா வெரலு மறுபடியும் போவுது."

"பரவால்லங்க. பயமா இருந்தா இருந்துட்டுப் போவுது" என்றாள் அவள். "வாங்காட்டி என்ன, சும்மா பாத்துட்டு வரலாம்."

"பாத்து இன்னா பண்றது?" என்றான்.

திரும்பும்போது அடுகோடியில் நிறுத்தச் சொன்னான். ஷெட் ஓனர் வீட்டம்மாவிடம் சாவியைக் கொடுத்து, இனிமேல் வேண்டாம், உள்ளே கிடப்பதை யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள் என்று கன்னடத்தில் சொன்னான். அந்தம்மா என்னைப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஈஜிபுராவில் அவர்கள் வீட்டில் இறக்கிவிட்டேன். வேறு வேலை பார்த்துத் தருகிறேன், செக்யூரிட்டி வேலை இருக்கிறது, என் வண்டிக்கே ஆள் வேண்டும் என்று வீட்டு வாசலில் ஏதேதோ சொன்னேன். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான்.

அடுத்த ஞாயிறு நல்ல லோடு வந்தது, கூடவே தூக்க ஆளும் தருகிறேன் என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். வீணா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கையைக் காட்டினாள். உத்தமன் லுங்கியோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான், தாடி வளர்ந்திருந்தது.

"மாப்ள, எழுந்திரு. பீன்யால ஒரு பெரிய கடை இருக்குதாம். மெஷின் எல்லாம் மட்டமான சரக்குன்னு கேள்வி. நீ வந்து பாத்து ஒரு வார்த்த சொல்லு" என்றேன்.

அவன் திரும்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டேன். "குளிச்சிட்டு வா மாப்ள. நான் வெயிட் பண்றேன். எவ்ளோ நேரமானாலும் வெயிட் பண்றேன். உன் கால்ல வேணா விழறேன், வா."

"எதுக்கு மச்சான்?" என்றான் சுவரைப் பார்த்தபடியே. "நல்ல மெஷின்தான் பாத்தாச்சே."