தண்ணீர் ஊற்றி அனுப்பியவள்

மிளகாய் சுடும் மணமும் கசெற்றில் ஏதோவொரு நரம்பு வாத்தியம் அழும் ஒலியும் சேர்ந்தே மாடிப்படியால் இறங்கிவரும். லண்டன் பிளேஸ்டோவில் எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்த துருக்கிக் குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் தொடங்கும். அந்த வீட்டு எலிஃப் என் வகுப்புத் தோழி. பத்து வயதில் எனக்கு அவளை விட்டால் வேறு ஆள் கிடையாது.

அவளுடைய தாயை "செவிம் அன்ரி" என்பேன். நாட்டுப்பாடல் கேட்டுக் கண்ணைத் துடைத்துத் துடைத்தே மா பிசைவார். அந்தப் பாட்டில் நாரைகளிடம் ஊர்ச் செய்தி கேட்கிறார்கள் என்று எலிஃப் எனக்குக் கருத்துச் சொல்வாள். அவளுக்குப் பிடித்த பொப் பாட்டிலும் அதே ஊர்தான், பிறத்தியார் மண்ணில் கிடக்கிற அதே "குர்பெத்"தான், ஆனால் அதற்கு ஆடலாம் என்பதால் இருவரும் கட்டிலில் ஏறி நின்று ஆடுவோம். ஆடி முடிந்ததும், இவர்கள் ஒருநாள் போய்விடுவார்களோ என்று கீழே ஓடிவந்து அம்மாவைக் கேட்பேன். அம்மா சிரிப்பார்: "ஊருக்குப் போற ஆக்கள் பாடிக்கொண்டு இருக்க மாட்டினம் பிள்ளை, சூட்கேஸ் அடுக்குவினம்."

ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் அவர்கள் காரிலேயே துருக்கிக்குப் புறப்படுவார்கள். கார் நகரும்போது பின்னால் தண்ணீர் ஊற்றவேண்டும். அப்போதுதான் போனவர்கள் தண்ணீரைப்போலத் தடங்கலில்லாமல் போய்த் திரும்பி வருவார்களாம். அது என் வேலை, வேறு யாரையும் கிட்ட விடமாட்டேன். கடைசி வருடம் காரின் மேல் செவிம் அன்ரியின் தையல் மெசினையும் கட்டியிருந்தார்கள். மடைச்சி, எனக்குப் பொறி தட்டவில்லை. எலிஃப் தானே செம்பை நிரப்பி என் கையில் தந்தாள். ஊற்றினேன்.

பள்ளிக்கூடம் தொடங்கியும் அவள் வரவில்லை. மாடியில் வேறு ஆட்கள் பெட்டி இறக்கினார்கள். அம்மாவைக் கேட்டேன்.

"அவை ஒரேயடியாப் போயிட்டினம். நீ அழுவாய், சொல்ல வேண்டாம் எண்டு செவிம்தான் சொன்னவா."

அம்மாவுக்கும் தெரியும், எலிஃபுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே செம்பைத் தந்தாளே, பாவி! அம்மாவோடு ஒரு கிழமை நான் கதைக்கவில்லை.

இப்போது இல்ஃபோர்ட்டில் இருக்கிறேன். அந்த வீட்டை இடித்து பிளாட் கட்டிவிட்டார்கள், கசெற்றுகளும் ஒழிந்துபோயின. தெருவில் போகும் கார்களில் புதிய துருக்கிப் பொப் அதிர்கிறது. அதிலும் ஊர் ஊர் என்றுதான் உருகுகிறார்கள், எனக்கு ஒரு சொல்லிலும் நம்பிக்கையில்லை. போன மாதம் எலிஃப் என்னை இணையத்தில் தேடிப்பிடித்து ஒரு பாட்டு அனுப்பியிருந்தாள். இதைக் கேட்டால் லண்டன் ஞாபகம் வந்து அழுதுவிடுகிறாளாம். மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை இல்லை. பாட்டைத் திறக்காமலே அழித்தேன். அன்றைக்கு முழுக்க ஒபிசில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.